சிவப்பில் எழுதிய பெயர்

சிவமயம்

அஜின்கோர்ட்,
ரொறன்ரோ, கனடா.
23.02.1999

அன்புள்ள மகள் யசோதராவுக்கு அம்மா எழுதுவது,

நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை, அதனால் நானும் அப்பாவும் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும் என்று நான் கும்பிடாத நாள் இல்லை, கும்பிட்டு என்ன கண்டாய் என்று மட்டும் கேட்காதே. உன் தை மாதக் கடிதம் கிடைத்து ஐந்து கிழமை ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ஜேர்மனியிலிருந்து ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் கடிதம் கிடைத்ததா என்று கேட்கிறாய், நான் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு அங்கே குளிர் எப்படி என்று கதையை மாற்றுகிறேன். பிறகு நீ இண்டைக்கு என்ன சமையல் அம்மா என்று கேட்கிறாய், நான் மீன் குழம்பு என்கிறேன், அத்தோடு உன் ரெலிபோன் கார்ட் முடிந்துவிடுகிறது. அப்பா பக்கத்தில் இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் வேறு எதைக் கதைப்பேன். ஆகவேதான் எழுதுகிறேன். அவர் சீனி வருத்தத்துக்கு இரத்தம் குத்திப் பார்க்கப் போயிருக்கிறார், வர இரண்டு மணித்தியாலம் ஆகும்.

இங்கே தை மாதம் முழுக்கப் பனி. நகரத்தால் அள்ளி முடியாமல் கடைசியில் ஆமிப் பட்டாளத்தைக் கூப்பிட்டார்கள். ஆமி வருகிறது என்று ரிவியில் சொன்னதும் அப்பா எழும்பிப் போய்க் கதவின் மேல்பூட்டையும் போட்டார். பனி அள்ளத்தான் வாறாங்களாம் என்றேன். எதுக்கு வந்தாலும் ஆமி ஆமிதான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த வாய் மூடுமுன் அழுகையும் வந்தது. அவருடைய சீனி ஏறியும் இறங்கியும் அவரைப் பாடாய்ப் படுத்துகிறது. தபால்காரன் மத்தியானம் ஒரு தரம்தான் வருவான் என்று தெரிந்தும் காலை ஒன்பதுக்கு ஒரு தரம் கீழே இறங்கிப் போய்க் கடிதப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். வெறும் பெட்டியைப் பூட்டிவிட்டு மேலே வருகிறவரின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று நான் குசினிக்குள் போய்விடுவேன்.

உன் கடிதத்தை நான் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் நீ எழுதியதையே திருப்பி எழுதுகிறேன். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் போனது. இரண்டாவது போன ஐப்பசியில் ஐந்தாம் மாதத்தில் போனது. டொக்டர்மார் உன்னிலும் குறை இல்லை, மருமகனிலும் குறை இல்லை என்கிறார்கள். உங்கள் கோயில் ஐயர், குடும்பத்தில் ஒருவருக்குச் செய்ய வேண்டிய கிரியை செய்யாமல் கிடக்கிறது, அதுதான் பிள்ளை தங்காமல் தடுக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆகவே உன் அண்ணா அன்புராசா, எங்கள் ராசு, இனி இல்லை என்று ஏற்றுக்கொண்டு மருமகன் தன் கையால் அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ய ஆயத்தமாக இருக்கிறார். நான் சம்மதம் என்று ஒரு சொல் எழுத வேண்டும், திதிக்கு ஒரு நாள் சொல்ல வேண்டும், ராசுவின் கடைசிப் படம் ஒன்றை அனுப்ப வேண்டும். இவ்வளவுதானே. வாசித்தவுடன் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை மறைக்கமாட்டேன். கூடப்பிறந்தவனுக்கு எள்ளும் தண்ணியும் விட இவளுக்கு என்ன அவசரம் என்று வாய்விட்டே பேசினேன். பிறகு இரண்டு தரமும் ஆஸ்பத்திரியில் நீ தனியாகக் கிடந்ததை நினைத்தேன், அம்மா என்று ஒரு பேச்சு இருந்தும் உன் தலைமாட்டில் நான் இல்லாததை நினைத்தேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்பாவிடம் ஒரே ஒரு தரம் இந்தக் கதையை எடுத்தேன். என்ரை கையாலையும் செய்யமாட்டன், வேறை ஆரின்ரை கையாலையும் செய்ய விடமாட்டன், அவன் வருவான் என்றார். சொல்லிவிட்டுக் கடிதப் பெட்டியைப் பார்க்கக் கீழே இறங்கிப் போய்விட்டார். படத்தையும் நான் அனுப்ப முடியாது. அந்தப் படங்கள் வந்த கதை உனக்குத் தெரியும், என்றாலும் எழுதுகிறேன், எழுதினால் கொஞ்சம் ஆறும் போல இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் இங்கே வந்து சேர்ந்த பிறகு, நீயும் வா, பாஸ்போட்டுக்குக் கெதியாய்ப் படம் எடு என்று ஊரில் நின்ற அவனுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டது நான். நான் படிப்பிக்கிற பிள்ளைகளுக்குச் சோதினை முடியட்டும் அம்மா என்று சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவன், என் ஆய்க்கினை தாங்காமல் 96 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை சைக்கிளில் ரவுனுக்குப் போனான். ஸ்ரூடியோவில் படம் எடுத்தான். வீட்டுக்கு வரவில்லை. மறிச்சது ஆர், கொண்டு போனது ஆர், கண்டது ஆர், ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டு அமிர்தநாதர் தேடிப் போனபோது சைக்கிள் பூட்டினபடி ஸ்ரூடியோ மதிலோடு நின்றதாம். அந்த மனிசன் படத்தை வாங்கி எங்களுக்கு அனுப்பி வைத்தார். ஆறு படம். தலையை நன்றாக இழுத்து வாரி நேரே பார்க்கிறான், சிரிக்கவில்லை, பாஸ்போட் படத்துக்குச் சிரிக்கக்கூடாது என்று படக்காரன் சொல்லியிருப்பான். அந்த ஆறும் அப்பாவின் பேர்சில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறார். ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இனி மியூசியத்துக்குப் போன கதையைச் சொல்கிறேன். இந்தக் கிழவிக்கு இந்த நேரத்தில் என்ன கொண்டாட்டம் என்று நினைக்காதே, உன் கடிதத்துக்கு மறுமொழி அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் மேல்மாடியில் அன்ரனெற் என்று குருநகர்ப் பிள்ளை ஒன்று இருக்கிறது என்று சொன்னேனே, அவள் சனிக்கிழமைகளில் ரவுனில் உள்ள பெரிய மியூசியத்துக்குச் சம்பளமில்லாத வேலைக்குப் போகிறவள். வொலன்ரியர் என்று சொல்வார்கள். போன சனிக்கிழமை அங்கே கொரியாக்காரரின் புதுவருடக் கொண்டாட்டம், கைவேலை மேசைகளுக்கு ஆள் போதாது என்று என்னைக் கேட்டாள். எனக்கு ஆங்கிலம் வராது என்றேன். கத்தரிக்கோலுக்கு என்ன இங்கிலிஸ் வேணும், இஞ்சை இருந்து சுவரைப் பாத்து அழுறதுக்கு அங்கை வந்து கடதாசி வெட்டுங்கோ அக்கா என்றாள். அவளுடைய வாய்க்குப் பயந்துதான் போனேன். பஸ் ஏறி, சப்வே மாறி, காலை ஒன்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பாலேஸ்வரி என்ற பெயர் நீளமாம், பாலா என்று ஒரு மட்டையில் எழுதி நெஞ்சில் குத்திவிட்டார்கள். ஒரு நீல ஏப்ரனும் தந்தார்கள்.

எங்கள் மேசையில் செய்தது கடதாசிப் பை. நிறக் கடதாசியை மடித்து, ஓரம் ஒட்டி, வாயில் நூல் கோத்து இழுத்தால் உள்ளங்கை அளவு சுருக்குப் பை. அதன் மேல் ஒருவருடைய பெயரை எழுதி, மண்டப வாசலில் நட்டு வைத்திருந்த காய்ந்த மரக்கிளையில் கட்ட வேண்டும். பெயருக்குரியவருக்கு அந்த வருடம் நல்லது வந்து சேருமாம். மேசைக்குப் பொறுப்பாக இருந்தவள் மிஸிஸ் ஹான் என்று ஒரு கொரியாக்காரி, என்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவு, ஆகவே எங்களுக்குள் எல்லாம் நன்றாக விளங்கியது. கதவு திறக்குமுன் மாதிரிக்கு ஆளுக்கு ஒரு பை செய்யச் சொன்னாள். எனக்கு வேறு யாருடைய பெயர் வரும். அன்புராசா என்று தமிழில் வடிவாக எழுதி, கிளையில் எட்டின அளவு உயரத்தில் முதலாவதாகக் கட்டினேன். சிவப்பு மாக்கர் பேனையால் எழுதினேன். நல்ல காரியத்துக்கு நாங்கள் வேறு எந்த நிறத்தை எடுப்போம், குங்குமம் சிவப்பு, உன்னுடைய கூறைச் சேலையும் சிவப்பு. அதோடு விட்டேனா. பிள்ளைகள் வரத் தொடங்கியதும், நல்ல நாளில் கறுப்பால் எழுதக்கூடாது என்று எனக்குள் நானே சட்டம் போட்டு, கறுப்பு மாக்கர், நீல மாக்கர் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மேசைக்குக் கீழே தள்ளிவிட்டேன். வந்த பிள்ளை ஒவ்வொன்றின் கையிலும் சிவப்பைக் கொடுத்தேன். ரெட் குட், வெரி குட் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். மிஸிஸ் ஹான் மற்ற மண்டபத்துக்கும் எங்கள் மேசைக்குமாக ஓடித்திரிந்ததில் இதைக் கவனிக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன் யசோ, அந்த இரண்டு மணித்தியாலமும் நான் சந்தோஷமாக இருந்தேன். மற்ற மண்டபத்தில் அவர்களுடைய பிள்ளைகள் பட்டுடுப்புப் போட்டுக்கொண்டு பெரியவர்களுக்கு முன்னால் முழங்காலில் விழுந்து கும்பிட்டார்கள், பார்க்க ஆசையாக இருந்தது. அரிசிமாத் துண்டு போட்ட சூப் ஒன்று கொடுத்தார்கள், மாட்டெலும்பில் அவித்தது என்று அன்ரனெற் காதுக்குள் சொன்னாள், நான் மெல்ல வைத்துவிட்டேன். அதைக் குடித்தால்தான் ஒரு வயது கூடுமாம். ராசுவுக்கு இந்த மாசியில் முப்பத்தொன்று. காணாமல் போனவனுக்கு வயது கூடுமா கூடாதா என்று யாரைக் கேட்பது.

மத்தியானம்போல ஒரு கொரியாக்காரத் தாய் சின்னப் பெண் பிள்ளையோடு மேசைக்கு வந்தாள். தாய் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றாள், நான் பிள்ளையின் கையில் சிவப்பைக் கொடுத்தேன், அது குனிந்து தன் பெயரை எழுதியது. தாய் திரும்பிப் பார்த்ததும் பிள்ளையின் கையைத் தட்டிப் பையைப் பறித்துக் கசக்கினாள். என்னைப் பார்த்து உரத்துப் பேசினாள். பிள்ளை வீரிட்டு அழுதது. மிஸிஸ் ஹான் ஓடிவந்து அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். உயிரோடு இருக்கிறவருடைய பெயரை எங்கள் ஆட்கள் சிவப்பில் எழுதுவதில்லை, செத்தவர் பெயர்தான் சிவப்பு என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு முதலில் அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் வெட்கம் வந்தது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளையைப் பார்த்தோம். கிளை முழுக்கச் சிவப்புப் பெயர்கள்.

ஒவ்வொன்றாக அவிழ்த்தோம். எழுதின பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், கூப்பிட்டு மாற்றி எழுதுவிக்க ஆள் இல்லை, கழற்றுவதுதான் ஒரே வழி. அவள் என்னை ஏசவில்லை. உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை, பிழை பாதி பாதி என்றாள். கடைசியில் நான் கட்டினதுக்கு வந்தாள். தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு இது என்ன பூவா என்றாள். என்னுடைய மகனின் பெயர் என்றேன். மகன் எங்கே என்றாள். தெரியாது என்றேன். இப்படிச் சொன்னால் இங்கே எல்லாரும் என்ன நடந்தது என்றுதான் கேட்பார்கள். அவள் எத்தனை வருடம் என்று கேட்டாள். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது, இவளும் எங்கள் ஆள்.

பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் என்னை இருத்தித் தானும் இருந்தாள். அவளுக்குப் பதினெட்டு வயதாக இருக்கும்போது அங்கே யுத்தமாம். தமையன் அரிசி தேடிப் போய்த் திரும்பவில்லை. நாற்பத்தொன்பது வருடம். தாய் ஒவ்வொரு மாரிக்கும் மகன் வந்தால் போட வேண்டும் என்று பஞ்சு வைத்து ஒரு கோட்டுத் தைப்பாளாம். செத்த நாள் தெரியாதவர்களுக்கென்று அவர்களிடம் ஒரு நாள் இருக்கிறது, ஒன்பதாம் மாதத்து ஒன்பதாம் நாள். பத்து வருடம் பார்த்துவிட்டு, இவளும் தமக்கையும் தாய்க்குச் சொல்லாமல் சிற்றப்பன் வீட்டில் அந்த நாளில் தமையனுக்குப் படைக்கத் தொடங்கினார்களாம். சந்தைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். திரும்பி வரும்போது தாய் இருந்து அவனுக்குக் கோட்டுத் தைத்துக்கொண்டிருப்பாளாம். தாய் கண்ணை மூடும்வரை பத்தொன்பது வருடம் அப்படியே. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை என்றாள். அண்ணா வந்தாரா என்று கேட்டேன். விசர்க் கேள்வி. அவள் மேசைக்குக் கீழே குனிந்து நான் ஒளித்து வைத்த நீல மாக்கரை எடுத்துத் தந்து, ஒரு புதுப் பையைத் தன் கையால் மடித்துத் தந்தாள். நான் மறுபடியும் எழுதினேன். எழுதும்போது ஒரு சந்தோஷமும் வரவில்லை. அதைக் கிளையில் கட்டவும் மனம் வரவில்லை, இரண்டையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வரும்போது சப்வேயில் அன்ரனெற், கொரியாக்காரற்றை சாத்திரம் எங்களுக்கு எதுக்கு அக்கா, அதை மறந்துவிடுங்கோ என்றாள். அவள் சொல்வது சரி. ஆனால் எனக்கு இப்போது எல்லாருடைய பயமும் பிடிக்கிறது, ஐயர் சொன்னாலும் பிடிக்கிறது, அந்தத் தாய் கத்தினாலும் பிடிக்கிறது. படம் எடு என்று எழுதி அவனை ரவுனுக்கு அனுப்பியது இந்தக் கை. செத்தவர் நிறத்தில் அவனுடைய பெயரை எழுதிக் கட்டியதும் இந்தக் கை. இதைப் பொய்யென்று எனக்கு எத்தனை பேர் சொன்னாலும் இரவில் அது மண்டையில் ஏறுவதில்லை. நாற்பத்தொன்பது வருடம், பிள்ளை. இரண்டரை வருடத்திலேயே நான் ஆளில்லாமல் போய்விட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், எனக்கு நம்பிக்கை இல்லை. அப்பா வருவான் என்று சொல்லும்போது ஓம் என்று தலையாட்டுகிறேன், அவருக்குச் சோறு இறங்க வேண்டும் என்று. ராசு இருக்கிறான் என்று நினைக்கவும் என்னால் முடியவில்லை, இல்லை என்று என் வாயால் சொல்லவும் முடியவில்லை. நடுவில் கிடந்து அந்தரிப்பதுதான் என் சீவியம் என்றால் கிடக்கிறேன். உன் வயிறும் என்னோடு கிடந்து அந்தரிக்க வேண்டாம்.

ஆகவே செய்யுங்கள். மருமகனின் கையால் செய்யட்டும், அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள் என்று சொல். படத்துக்குப் பதிலாக அந்தச் சிவப்புப் பையை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், அவனுடைய பெயர் என் கையெழுத்தில் இருக்கிறது, அதை அங்கே வைத்துச் செய்யுங்கள், பிறகு தண்ணீரில் விட்டுவிடுங்கள். நீலத்தில் எழுதினது என்னிடம் இருக்கட்டும். திதிக்குரிய நாளை மட்டும் என்னிடம் கேட்காதே. நான் பெற்றவனுக்கு நான் நாள் வைக்கமாட்டேன். ஐயரோடு கதைத்து நீங்களே பாருங்கள், பார்த்துவிட்டு எனக்குச் சொல்லாதே. அப்பாவுக்கு இந்தக் கடிதம் எழுதினதே தெரிய வேண்டாம். நீ மறுமொழி எழுதவும் வேண்டாம், பெட்டியைத் திறக்கிறவர் அவர்.

பேரீச்சம்பழம் சாப்பிடு, டொக்டர் தந்த இரும்புச்சத்துக் குளிசையை விடாதே, பாரமான சாமான் தூக்காதே, மருமகனோடு கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்காதே. உன் மடி நிறைய வேண்டும், நிறைந்தது நிலைக்க வேண்டும், நான் பட்டது உனக்கு வரக்கூடாது. என் ஆயுளில் மிச்சம் இருப்பதையும் அந்தப் பிள்ளைக்கு எழுதி வைக்கச் சொல்லிக் கும்பிடுகிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. திதி நாளில் வீட்டில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் புழங்கக்கூடாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் செய்கிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தாலும் வழக்கம்போல ரெலிபோன் எடு. குரலை மாற்றாதே. இண்டைக்கு என்ன சமையல் அம்மா என்று கேள். மீன் குழம்பு என்று நான் சொன்னால், சரி அம்மா என்று சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணாவுக்கும் உனக்கும் அம்மா,
சி. பாலேஸ்வரி